தறி சும்மா நின்றால் கூலி யார் கொடுப்பது?

ஆரணிப் பட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், "நெய்தவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்" என்று சொல்லத் தோன்றும். நெய்தது ஒரு கைதானா? இல்லை! ஆறேழு கை மாறித்தான் அந்தச் சேலை கடைக்கு வருகிறது.

பட்டு நூலை முறுக்க ஒருவர். சாயம் போட ஒருவர். பாவு ஓட்ட ஒருவர். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட நாலைந்து பேர். தீர்ந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க ஒருவர். தார் சுற்ற ஒருவர். அதற்கு அப்புறம்தான் நெசவாளி தறியில் உட்காருகிறார்.

கார் கம்பெனியில் 'லைன்' என்கிறார்களே, அதேதான் இதுவும். அங்கே எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இங்கே தெருத் தெருவாகப் பிரிந்து கிடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லைனுக்கு ஒரே கணக்கு உண்டு. எந்தக் கை மெதுவோ, அதன் வேகம்தான் மொத்த வேலைக்கும் வேகம். ஒரு மாடு படுத்துக்கொண்டால் இன்னொரு மாடு ஓடி என்ன பயன்?

ஃபோர்டு செய்தது

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1913-ல் கார் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஏறக்குறைய சம நேரம் வருகிற மாதிரி பங்கு போட்டார். 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. வேலைப் பளு தாங்காமல் ஓடினார்கள். 1914 ஜனவரியில் நாள் சம்பளத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்தார். வேலை நேரத்தையும் 8 மணியாகக் குறைத்தார். நேரத்தைப் பங்கு போட்டால் மட்டும் போதாது, காசையும் பங்கு போட வேண்டும் என்பது அவருக்கே புரிந்தது!

ஆரணிக் கணக்கு

மழை பிடித்தால் தெருவில் பாவு போட முடியாது. தறி சும்மா நிற்கும். சாயம் தாமதமா? சும்மா. பாவு பிணைக்கிறவர் வரவில்லையா? அப்போதும் சும்மா. கூலியோ சேலைக்குத்தான். காத்திருந்த நாளுக்குக் கால் காசு கிடையாது. தப்பு எந்த இடத்தில் நடந்தாலும் நஷ்டம் வந்து விழுவது கடைசி ஆளின் தலையில்.

வீட்டுப் பெண்களோ கணக்கிலேயே இல்லை. தார் சுற்றுவது பெரும்பாலும் அவர்கள்தான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அங்கே சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வேலை பல வீடுகளில் அம்மா தலையில் ஏறிவிட்டது. கூலி? சேலைக் கூலியிலேயே அடக்கமாம்!

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாட்டில் நெசவாளர் சுமார் 26.7 லட்சம் பேர். துணை வேலை செய்பவர் சுமார் 8.5 லட்சம் பேர். மொத்தத்தில் 100-க்கு 72 பேர் பெண்கள். மூன்று நெசவாளிக்கு ஒரு துணைக்கை என்றால் தறி காத்துக்கிடக்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது

பாவு தீரும் முன்பே அடுத்த பாவு நெசவாளி வீட்டில் இருக்க வேண்டும். நெசவாளர் தெருக்களில் மழை நனைக்காத பொதுப் பாவுக் கூடம் வேண்டும். தாருக்கும் கோர்வைக் கைக்கும் தனிக் கூலி, செய்கிறவர் பெயரிலேயே கொடுக்க வேண்டும். பாவு வராமல் தறி நின்றால் காத்திருப்புக் கூலி வேண்டும்.

"விலை ஏறிவிடும், விசைத்தறிச் சேலையோடு எப்படிப் போட்டி போடுவது?" என்பார்கள் முதலாளிகள். பட்டுச் சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் போட்ட சட்டம் இருக்கிறது. அதை ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லிக் கேட்கலாமே! தவிர, நின்ற தறிக்காக வாங்கிப் போட்ட பட்டிலும் ஜரிகையிலும் தூங்குவது அவர்கள் பணமும்தான்.

ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட் செருப்புக் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறார்கள். தறி வேலை தெரியாமல் அல்ல. அங்கே பெல்ட் நின்றாலும் சம்பளம் நிற்காது என்பது தெரிந்துதான்!