காலண்டர் அச்சடிக்கும் ஊரில் 'அ, ஆ' சொல்லித்தருவது யார்?

உங்க வீட்டு ஹால் சுவரைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. தினசரி காலண்டர் தொங்குதா? அடியில் பொடி எழுத்தில் 'சிவகாசி' என்று அச்சாகியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

ஒவ்வொரு ஆடிப்பெருக்கு அன்றும் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய ஊர், பிறகு காலண்டர், டைரி, நோட்டு, பாடப்புத்தகம் என்று நாட்டுக்கே அச்சடிக்க ஆரம்பித்தது. பள்ளிச் சுவரில் தொங்கும் 'அ - அம்மா, ஆ - ஆடு' படங்களும் இந்த அச்சுத் தொழிலின் பிள்ளைகள்தான்.

நம்மில் பலர் முதல்முதலில் எண் படித்தது அந்தக் காலண்டரில்தான். இன்னைக்கு தேதியை யார் கிழிக்கறதுன்னு அண்ணன் தங்கச்சிக்குள்ள ஒரு சண்டையே நடக்கும். கிழித்த தாளின் பின்பக்கம்தான் முதல் ரஃப் நோட்டு.

இப்போ அதே சுவருக்குக் கீழே நாலு வயசுக் குழந்தை போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கு. சிவகாசியிலும் இதேதான். 'போன்தான் குழந்தைகளைக் கெடுத்துருச்சு' என்கிறது ஒரு கூட்டம். 'ஆப்லயே எல்லாம் கத்துக்கும், விடுங்க' என்கிறது இன்னொரு கூட்டம். ரெண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்க மறக்கிறாங்க. அந்தக் குழந்தை பக்கத்தில் யார் இருக்காங்க?

ஒரு முனையில் முதலிடம், இன்னொரு முனையில்?

படிப்பு விஷயத்தில் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு கெத்து உண்டு. 2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம். காமராஜர் பிறந்த மண். வீட்டுக்கு வீடு பிடி அரிசி வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். பன்னிரண்டாம் வகுப்பு என்கிற முனையில் கொடி உயரத்தான் பறக்குது.

முதல் முனை எப்படி? மாவட்டத்துக்குத் தனியாக இல்லாமல், தமிழகக் கிராமப்புறம் முழுக்க எடுத்த கணக்கைப் பார்ப்போம். ஆசர் ஆய்வு ரொம்ப எளிமையானது. வீட்டுக்கே போய், இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு குட்டிக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாங்க. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதை வாசித்தவர்கள் 2018-ல் 10.2 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் 4.8 சதவீதம். 2024-ல் சுமார் 12 சதவீதம். மீண்டு வந்திருக்கோம், சந்தோஷம். ஆனா நூற்றில் பன்னிரண்டு பேர் என்பது கொண்டாட வேண்டிய எண் இல்லையே.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் என்பது இலக்கு. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் இருக்கோ அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தரும் முறை. யோசனை நல்ல யோசனை. ஆனா பிள்ளையின் முன்னேற்றத்தை ஆப்பில் பதிவேற்றும் வேலையும் கூடவே வந்தது. 'சொல்லித்தர்ற நேரத்தை ஆப் தின்னுடுது' என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள்.

போனை வில்லன் ஆக்கிடலாமா?

அவசரப்படாதீங்க. 2022 ஜூன் 1 முதல் 12 வரை இல்லம் தேடிக் கல்வி மையங்களில் ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுளின் ரீட் அலாங் ஆப்தான் மேடை. பிள்ளை சத்தமாக வாசிக்கும், போன் கேட்கும், தப்பான சொல்லைத் திருத்தும். 18 லட்சம் பிள்ளைகள், 263 கோடி சொற்கள். அவ்வளவும் போனை வைத்துத்தான்.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அந்தப் பன்னிரண்டு நாளும் போனுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார். தெருவில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, 'அடுத்து நீ வாசி' என்று சொன்ன தன்னார்வலர்.

அந்த ஆள் ஏன் முக்கியம்? 2003-ல் அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிசியா குல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு குழுவோடு ஒருவர் நேரில் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனா வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வீடியோ பார்த்தவை எதையும் கற்கவில்லை.

எழுதுவதிலும் இப்படி ஒரு விஷயம் இருக்கு. எழுத்தே தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து கரின் ஜேம்ஸ் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு இது. கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போது, மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. கீபோர்டில் தட்டிப் பழகிய எழுத்துக்கு அப்படி நடக்கவில்லை. மணலில் விரலால் 'அ' போடவைத்த திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு மூளை ஸ்கேன் தெரியாது. விஷயம் தெரிந்திருக்கு.

வாசிப்புக்கு ரெண்டு கால்

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் சொன்ன கணக்கு இது. வாசிப்பு என்பது ரெண்டு திறமைகளின் பெருக்கல். ஒண்ணு, எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வது. இன்னொண்ணு, அந்த மொழியைப் புரிந்துகொள்வது. பெருக்கல் என்பதால், ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம்.

முதல் காலுக்குப் போன் நல்லாவே உதவும். 247 எழுத்தையும் அலுக்காமல் நூறு தடவை சொல்லும். கோபப்படாது.

இரண்டாம் கால்தான் சிக்கல். தமிழில் அது கூடுதல் சிக்கல். சிவகாசிப் பிள்ளை வீட்டில் 'பஸ் வந்துருச்சு' என்று பேசும். புத்தகத்தில் 'பேருந்து வந்துவிட்டது' என்றிருக்கும். எழுத்துக் கூட்டி முடிக்கும்போது கிடைப்பது, அது காதால் கேட்டே இராத ஒரு சொல். எழுத்துத் தமிழை யாராவது சத்தமாக வாசித்துக் காட்டி, 'அப்படின்னா வந்துருச்சுன்னு அர்த்தம்டா' என்று சொல்லணும். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே பாலம் போடுவது அந்த ஒரு வரிதான்.

அந்த வரியைச் சொல்ல சிவகாசியில் வீட்டில் யார் இருக்காங்க?

1983-ன் பிள்ளைகள், இன்றைய பாட்டிகள்

1983-ல் ஸ்மிது கோத்தாரி என்ற எழுத்தாளர் சிவகாசி பற்றி ஒரு ஆங்கிலக் கட்டுரை எழுதினார். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் 45,000 குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்றது அது. விடிவதற்கு முன்பே கிராமங்களுக்கு பஸ் வரும், தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ல், எம்.சி.மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நஷ்டஈடு கட்டணும் என்றது அந்தத் தீர்ப்பு. வேலையில் இருந்த பிள்ளைகளைப் படிக்கவைக்க சிறப்புப் பள்ளிகளும் நடந்தன. அந்தப் போராட்டம் பெரிய அளவில் ஜெயித்தது. இன்றைக்கு இந்த மாவட்டத்தின் பிளஸ் டூ முதலிடத்தை அந்த வெற்றியோடு சேர்த்துத்தான் பார்க்கணும்.

ஆனா ஒரு சின்னக் கணக்குப் போடுங்க. 1983-ல் தீக்குச்சி அடுக்கிய பத்து வயசுச் சிறுமிக்கு இப்போ வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவர் இப்போ பாட்டி. மகளும் மருமகனும் பட்டாசு ஆலைக்கோ அச்சகத்துக்கோ போன பிறகு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பல வீடுகளில் அவர்தான். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயசில் எழுத்து அவர் கையில் இருந்து பிடுங்கப்பட்டது. இப்போ அவர் கையில் பேரனும், பேரன் கையில் போனும்.

அம்மா அப்பா? இங்கே பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. எவ்வளவு குழாய் உருட்டுறோமோ, எவ்வளவு பெட்டி அடுக்குறோமோ அவ்வளவு காசு. அந்தக் கணக்கில், பிள்ளையோடு உட்கார்ந்து கதை வாசிக்கும் அரை மணி நேரம் என்பது அரை மணி நேரக் கூலி. சென்னை ஐ.டி வீட்டில் 'எங்களுக்கு டைமே இல்ல' என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கு.

சில வீடுகளில் அந்த அம்மாவோ அப்பாவோ திரும்பி வருவதே இல்லை. 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து இன்னும் மறந்திருக்காது. விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதல்வர் அறிவித்தார். முதல்கட்டமாக 5 கோடி ரூபாய். அவசியமான அறிவிப்பு. ஆனா நாலு வயசில் மடியில் உட்காரவைத்து வாசித்துக்காட்டும் ஆளுக்கு எந்த நிதியும் ஈடாகாது.

அப்போ என்னதான் வழி?

தாளா திரையா என்ற பட்டிமன்றத்தை முதலில் முடிச்சுக்கலாம். 2023-ல் ஸ்வீடன் அரசு, மழலையர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்ற திட்டத்தைக் கைவிட்டு, அச்சுப் புத்தகத்துக்குக் காசு ஒதுக்கியது. நம்ம ஊரில் அதற்கடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அறிவிக்கப்பட்டன. இன்னொரு பக்கம் 'வாசிப்பு இயக்கம்' மூலம் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகக் குட்டிப் புத்தகங்களும் பள்ளிக்கு வந்தன. ரெண்டும் இருக்கட்டும். ஆனா எத்தனை திரை, எத்தனை புத்தகம் என்று எண்ணுகிற மாதிரி, ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் உட்காரும் நிமிஷங்களை யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டியது அதைத்தான்.

அதற்கு ஒரு இடம் சட்டத்திலேயே இருக்கு. 30-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். 2020-ல் வந்த புதிய சட்டத்தொகுப்பு இதை 50-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் என்று மாற்றியது. பட்டாசு ஆலை வாசலில் காப்பகம் வைக்கச் சொல்லவில்லை. ஊருக்குள், பாதுகாப்பான தூரத்தில், ஆலைகள் சேர்ந்து நடத்தலாம். அங்கே ஒரு ஆயா மட்டும் போதாது. தினமும் ஒரு மணி நேரம் கதை வாசிக்க ஒருவர் வேணும். தெருத்தெருவாக உட்கார்ந்து சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களை நாம் ஏற்கெனவே பார்த்தாச்சு. ஆள் இல்லாத ஊர் இல்லை இது.

வீட்டில் இன்னைக்கே தொடங்குவதற்கு, காசு கேட்காத சில விஷயங்கள்:

* காலண்டரில் தேதியைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்க. எண்ணைச் சொல்லச் சொல்லுங்க, கிழமையின் முதல் எழுத்தைத் தேடச் சொல்லுங்க. அடியில் இருக்கும் பொன்மொழியை நீங்க வாசிச்சுக் காட்டி, பேச்சுத் தமிழில் அர்த்தம் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் போதும்.
* கிழித்த தாளைத் தூக்கிப் போடாதீங்க. பின்பக்கம் எழுத விடுங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்ல, கையால எழுதணும்.
* போன் கொடுத்தா, மடியில் உட்காரவச்சுக் கொடுங்க. வீடியோவை நடுவில் நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேளுங்க. இரண்டு முதல் நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு வயசு ஆகும் வரை திரையே வேண்டாம்.
* மூத்த பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசிக்கட்டும். பள்ளியில் இருந்து வரும் குட்டிப் புத்தகம் போதும். ரெண்டு பேருக்கும் லாபம்.
* பாட்டிக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஒதுக்காதீங்க. அவங்க சொல்ற கதை, விடுகதை, போடுற சண்டை, கேட்கிற கேள்வி எல்லாமே வாசிப்பின் இரண்டாம் கால். யூடியூப் கதை சொல்லும். 'ஏன் பாட்டி?' என்று கேட்டால் அது பதில் சொல்லாது.

சின்ன வயசில் எழுத்தை இழந்த ஒரு பாட்டி, காலண்டர் முன்னால் பேத்தியோடு நின்று, 'இது என்ன எழுத்துடி, எனக்குச் சொல்லிக்குடு' என்று கேட்டால் எப்படி இருக்கும்? பேத்தி அன்றைக்கு வாத்தியார் ஆகிவிடுவாள். சொல்லித்தருவதைப் போல மனசில் நிற்கிற படிப்பு வேற இல்ல.

நாட்டுக்கே காலண்டர் அடிக்கிற ஊரில் தாளுக்குப் பஞ்சம் வராது. போனுக்கும் இப்போ பெரிய பஞ்சம் இல்லை. பஞ்சம் அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான். நாளைக்குக் காலையில் தேதி கிழிக்கும்போது, பக்கத்தில் ஒரு குட்டிக் கை இருக்கட்டும்.