பின்பனியின் கொடை

தைத்திங்கள் பிறந்தால் பொங்கல் என்றும், சித்திரை பிறந்தால் புத்தாண்டு என்றும் மகிழும் நாம், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாசி, பங்குனித் திங்கள்களைப் பற்றி மிகுதியும் பேசுவதில்லை. மாணவர்களுக்கு அவை தேர்வுக்கு முந்திய மாதங்கள். ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய மாதங்கள். அலுவலகத்தார்க்குக் கணக்கு முடிக்கும் மாதங்கள். எப்போது விடுமுறை வரும், எப்போது மாம்பழம் வரும் என்று எண்ணி எண்ணியே இவ்விரு திங்களையும் கழித்து விடுகிறோம். இவ்வாறு கழிப்பது ஒரு பெரும் இழப்பு என்பதே நமது கருத்து. வரப்போகும் இளவேனிலை எதிர்நோக்குவதில் தவறில்லை. ஆயின் கையிலிருக்கும் பின்பனியைக் காணாமல் விடுவது தவறு.

நம் முன்னோர் ஓர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பது தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்ததே. மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியன; சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியன. தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலை உரிமையாக்கியதோடு பின்பனியையும் உரித்தாக்கினார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. பிரிந்தவர் வருவாரென ஒருவர் வழிபார்த்திருக்கும் உள்ளநிலைக்குப் பொருந்திய பொழுது பின்பனி என அவர் கருதியது எண்ணி மகிழத்தக்கது. எதிர்பார்ப்பு என்பதற்கே ஒரு பருவத்தை ஒதுக்கித் தந்த இலக்கணம் நம்முடையது.

ஆங்கிலப் பாடநூல்களில் நாம் படிக்கும் வசந்தம் வேறு. அங்கே மண்ணை மூடிய பனிக்கட்டி உருகும். மொட்டைக் கிளைகள் துளிர்க்கும். மக்கள் கம்பளி ஆடையைக் களைந்து வெளியே வருவர். நம் கொங்கு நாட்டில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பது பழமொழியே ஆயினும், விடியலில் போர்வையைத் தேடும் நாம் நண்பகலில் நிழலைத் தேடுகிறோம். இளவேனில் என்று நாம் அழைப்பதும் சில வாரங்களிலேயே கத்திரி வெயிலாக மாறிவிடுகிறது. ஆகவே, நமக்கு வாய்த்த இனிய பொழுது எதுவென்று கேட்டால், வரவிருக்கும் இளவேனிலைக் காட்டிலும் இந்தப் பின்பனியின் காலைகளே என்று துணிந்து கூறலாம். நாம் எதை எதிர்பார்த்து இருக்கிறோமோ அதன் பெரும்பகுதி முன்னரே வந்து நம் வாயிலில் நிற்கிறது.

கோவையைச் சுற்றியுள்ள கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைக் கொண்டே விளையும் கொண்டைக்கடலை, இக்காலத்தில் செடியோடு பிடுங்கப்பட்டு நகரத் தெருக்களுக்கு விற்பனைக்கு வரும். பச்சைக் காயைப் பிரித்து உண்ணும் சுவையைச் சிறுவர் அறிவர். வயலிலேயே அச்செடியின் இலையைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தவர்க்கு இன்னொன்றும் தெரியும். பனி படிந்த அவ்விலை புளிக்கும். இலையிலிருந்து கசியும் ஒருவகை அமிலமே அதற்குக் காரணம். இப்பயிரை வேளாண்மைத் துறையார் ‘ரபி’ பருவப் பயிர் என்பர். ‘ரபீஉ’ என்னும் அரபுச் சொல்லுக்கு வசந்தம் என்பது பொருள். வசந்தத்தில் அறுவடையாகும் பயிர் என்ற கருத்தில், முஸ்லிம் ஆட்சிக்கால நிலவருவாய்க் கணக்குகளின் வழியே அச்சொல் இந்திய உழவரிடையே வழங்கலாயிற்று. ஹிஜ்ரி ஆண்டின் ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் என்னும் மாதப் பெயர்களில் நிற்பதும் அதே சொல்லே. கொங்கு நாட்டுக் கடலைக்காட்டில் ஓர் அரபுச் சொல் வேரூன்றி நிற்பதைத் தமிழ்த்துறை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இக்காலத்தின் மற்றோர் இன்சுவை தெளுவு. பிற பகுதியினர் பதநீர் என்பதைக் கொங்கு மக்கள் தெளுவு என்றே வழங்குவர். உட்புறம் சுண்ணாம்பு தடவிய மண்கலயத்தில் இரவெல்லாம் சொட்டிய பனஞ்சாற்றை, வெயில் ஏறுமுன் ஓலைப் பட்டையில் வார்த்துக் குடிப்பதற்கு ஈடான பானம் எந்தக் கடையிலும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் சென்றால் தோண்டியெடுத்த மஞ்சளை வேகவைக்கும் மணம் ஊரெங்கும் கமழும். ஆனி, ஆடியில் நட்ட கிழங்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் மண்ணுக்குள் காத்திருந்து பொன்னாகும் காலம் இது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நாடறியும். வீட்டுத் திண்ணைகளில் புதுப்புளியை ஓடு நீக்கிக் கொட்டை எடுத்தபடி பெண்கள் கதை பேசுவதும் இக்காலத்தில்தான். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. விடியலில் எழுவதும் சற்றே நின்று பார்ப்பதுமே இவற்றுக்கு நாம் தரவேண்டிய விலை.

மரங்களின் பக்கம் கண்ணைத் திருப்புவோம். இலவம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செம்மலர்களால் தன்னை மூடிக்கொள்கிறது. மலையடிவாரங்களில் புரசு தீப்பற்றியது போலப் பூக்கிறது. மா பூத்துப் பிஞ்சு விடுகிறது. பங்குனி பிறந்ததும் புங்கமரம் பழைய இலையைக் களைந்து பளபளக்கும் இளந்தளிரை அணிகிறது. வேம்பின் நறுமணம் சித்திரைக்கு முன்பே மாலைக்காற்றில் தவழ்கிறது. வசந்தம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. ஒவ்வொரு மரமாக வருகிறது. அந்த வருகையை முதலிலிருந்து பார்த்தவர்க்கே சித்திரை முழுமையாக விளங்கும்.

குளங்களில் காணும் காட்சி இன்னும் ஆழமானது. நொய்யலாற்றுப் படுகையில் அமைந்த சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் முதலியவற்றிலும், திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளத்திலும் வடபுலத்துப் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நஞ்சராயன் குளம் 2024-ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. தட்டைவாயனும் நீலச்சிறகியும் இந்நாள்களில் ஓயாமல் இரைதேடுவதைக் காணலாம். பல்லாயிரம் கல் தொலைவு பறந்து, தாம் பிறந்த வடபுலத்துக்குத் திரும்ப வேண்டிய கொழுப்பினை அவை இப்போதே உடலில் சேர்த்துக் கொள்கின்றன. அவற்றின் வசந்தம் அங்கே இருக்கிறது. அதற்கான வலிமை நம் குளத்தில் கிடைக்கிறது. காத்திருத்தல் என்பது சோம்பியிருத்தல் அன்று, ஆயத்தமாதல் என்பதைத் தேர்வை எதிர்நோக்கும் மாணவர்க்கு இப்பறவைகளைப் போல் எடுத்துரைக்கும் ஆசான் வேறில்லை.

பறவை என்றதும் அறிஞர் சாலிம் அலி (1896–1987) நினைவுக்கு வருகிறார். மும்பையில் பிறந்த அவர், சிறுவராக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய சிட்டொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். அஃது எவ்வகைப் பறவை என அறியும் வேட்கையோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்த ஒரு கணத்து வியப்பே இந்தியப் பறவையியலின் வரலாற்றை மாற்றியது. 1985-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலுக்கும் அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே அவர் பெயராக்கினார். அவர் பெயரால் அமைந்த ஆய்வு மையம் 1990-ஆம் ஆண்டில் கோவையை அடுத்த ஆனைகட்டியில் தொடங்கப்பட்டது நமக்குப் பெருமை. சிறிய ஒன்றை நின்று பார்த்ததன் பயன் எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

காலத்தின் சுழற்சியைச் சமுதாயப் பெரியோர் நம்மினும் நன்கு அறிவர். பிறைக்கணக்கில் அமைந்த ஹிஜ்ரி ஆண்டு, கதிரவன் ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வருகிறது. 1993-ஆம் ஆண்டில் பிப்ரவரியில் தொடங்கிய நோன்பு 2026-ஆம் ஆண்டில் மீண்டும் பிப்ரவரிக்கே வந்து சேர்கிறது. இடையில் 2019-இல் கத்திரி வெயிலிலும் நோன்பு நோற்றோம். அன்று பள்ளிச் சிறுவராய் மாசிப் பனியில் நடுங்கியபடி ஸஹருக்கு எழுந்தவர், இன்று தம் பிள்ளைகளை அதே பனியில் எழுப்புகிறார். மாலையில் ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சியின் முதல் மிடறு எத்துணைச் சிறிய இன்பம்! ஆயினும் அதன் அருமையைப் பகல் முழுதும் காத்திருந்தவரே அறிவார். எதிர்பார்ப்பு இன்பத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது என்பதற்கு இதுவே நம் வீட்டுச் சான்று.

கோவை மாநகரம் மாசியை அறிவது கோனியம்மன் தேரோட்டத்தால். அண்மை ஆண்டுகளில் ஒப்பணக்கார வீதி வழியே தேர் வரும்போது, வெயிலில் நடந்துவரும் பக்தர்களுக்கு இஸ்லாமியர் தண்ணீர்ப் புட்டிகள் வழங்கி வருவதை ஊரார் கண்டு மகிழ்ந்துள்ளனர். பின்பனியின் நண்பகலில் ஒரு மிடறு தண்ணீர் சிறிய பொருள்தான். அதை நீட்டிய கையும் ஏந்திய கையும் ஓர் ஊரின் கைகள் என்பதை அது நினைவூட்டுகிறது. இவ்வூரில் வாழும் நமக்கு அந்நினைவு எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

‘உழவர்க்கு விலையில்லை, பட்டதாரிக்கு வேலையில்லை, இந்நிலையில் பூவையும் பறவையையும் பேசுவது தகுமா?’ என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆயின் நாம் எதைப் பார்க்கத் தவறுகிறோமோ அதை இழப்பதும் நமக்குத் தெரியாமற் போகிறது. சாலைகளை அகலப்படுத்தியபோது நிழல்தந்த புளியமரங்கள் வீழ்ந்தன. எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? மாநில மரமான பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என 2021-இல் அரசு அறிவிக்கும் நிலை வந்தது. பனை குறைந்தால் தெளுவு என்ற சொல்லும் அகராதிக்குள் ஒடுங்கும். குளக்கரைகள் நடைபாதைகளாக அழகு பெற்றது நன்று. குளத்து நீர் தூய்மை பெறுவது அதனினும் நன்று. ஆகாயத்தாமரையும் கழிவுநீரும் நிறைந்த குளத்திலிருந்து எந்தப் பறவை வலிமை பெற்றுப் பறக்கும்? சிறு இன்பங்களை நுகரத் தெரிந்தவரே அவற்றின் பிறப்பிடங்களைக் காக்க முன்வருவர். ஆதலின் இந்நுகர்ச்சி பொறுப்புணர்வின் தொடக்கமாகும்.

இதன்பொருட்டு மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். துறைதோறும் ஒரு பருவக் குறிப்பேடு தொடங்குங்கள். வளாகத்து மரங்களுள் எது என்று பூத்தது, குயில் முதலில் என்று கூவியது, குளத்துப் பறவைகள் என்று புறப்பட்டன என்று நாளிட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு முதியோர் வழங்கும் பெயரைக் கேட்டு அருகே குறியுங்கள். பத்தாண்டுகள் தொடர்ந்தால் அது நம் மண்ணின் வரலாறாகும். மறையவிருந்த சொற்களின் களஞ்சியமும் ஆகும். ஆசிரியர்கள் ஒரு காலையேனும் வகுப்பைக் குளக்கரையில் நடத்துவார்களாக. ஐந்திணையைக் கரும்பலகையில் மட்டும் கற்பித்தல் போதாது. பெரியோர்கள் தம் இளமையின் மாசிப் பனியைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்களாக.

இளவேனில் தவறாது வரும். அதற்கு நம் துணை தேவையில்லை. பின்பனி அப்படியன்று, பார்ப்பவர் இருந்தால் இருக்கும், பாராதவர்க்கு இல்லாமலே போகும். நாளை விடியலில் சற்று முன்னதாக எழுந்து, வாயிற்கதவைத் திறந்து வெளியே நிற்போம். தேர்வுக்கும் வெயிலுக்கும் இன்னும் சில நாள்கள் இருக்கின்றன.