அந்தப் பிள்ளையைக் கையில் வாங்குங்கள்

இலங்கைத்துறை முகத்துவாரத்திலும் வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் பிள்ளை வளர்க்கிற தாய் தகப்பன்மாருக்கும், பேரப்பிள்ளை காணப்போகிற அம்மம்மா அப்பம்மாமாருக்கும் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நானும் இரண்டு பெற்று வளர்த்தவள். உங்களோடு அதே கிளினிக் வாங்கில் குந்தியிருந்தவள்.

போன மாரியில் எங்கள் அயலில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். மறுநாளே டிக்கெட் வெட்டி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு தொடங்கிய அழுகை விடியும்வரை ஓயவில்லை. பசிக்கு அழுகிற அழுகை இல்லை அது. தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் உச்சத்திலேயே நின்றது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பிள்ளை ஏணையில் கிடந்தது. நாடி நடுங்கியது. விட்டு விட்டுத் தும்மியது, கொட்டாவி விட்டது. பாலுக்கு வாயைத் திறந்து திறந்து தேடியது, வாய் வைத்தால் உறிஞ்ச முடியவில்லை. முழங்கால் இரண்டும் சீலையில் உரசிச் சிவந்துபோயிருந்தன.

"நாவூறு பட்டிருக்கு மச்சாள். நூல் கட்டியிருக்கு" என்றாள் அம்மம்மா. பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். இருபது வயதுகூட நிரம்பாதவள். பிள்ளை ஏன் அழுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளின் தாய்க்கும் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு அவள் தூள் பாவித்தது அந்த ஒழுங்கைக்கே தெரியும். கிளினிக்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்தக் குற்றம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு நாவூறு இல்லை. தாய் பாவிக்கிற குடு, அதுதான் அந்த ஹெரோயின் தூள், நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. மாதக்கணக்கில் அது பிள்ளையின் உடம்புக்குப் பழகிவிடுகிறது. தொப்புள்கொடி வெட்டுகிற நொடியில் வரத்து நின்றுவிடும். ஓரிரண்டு நாளில், பெரும்பாலும் மூன்று நாளுக்குள், பெரிய ஆட்கள் குடு கிடைக்காமல் படுகிற அதே அவதியை மூன்று கிலோ கூட இல்லாத ஓர் உடம்பு படத் தொடங்கும். நடுக்கம், தும்மல், வயிற்றோட்டம், காய்ச்சல், கடுமையானால் வலிப்பு. கணக்கைப் பாருங்கள். வைத்தியசாலையில் ஒரு நாள், அவதி தொடங்குவது மூன்றாம் நாள். நாம் உண்மையைச் சொல்லாவிட்டால் வைத்தியர்கள் வழமைபோலத்தான் டிக்கெட் வெட்டுவார்கள். சொல்லியிருந்தால் ஐந்தாறு நாளாவது வைத்துப் பார்த்திருப்பார்கள். நம் வாய் மூடியிருந்ததன் விலையை அந்தப் பச்சைப்பிள்ளை கட்டியது.

"ஐஸ்" என்கிற போதை அழிக்கிற விதம் வேறு. அது தாயின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். நச்சுக்கொடிக்கு இரத்தம் குறையும், பிள்ளை உள்ளேயே வாடும். அமெரிக்காவிலும் பிறகு நியூசிலாந்திலும் ஐஸ் பாவித்த தாய்மாரின் பிள்ளைகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மாதத்துக்கேற்ற வளர்ச்சியில்லாமல் சிறுத்துப் பிறக்கிற ஆபத்து அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றரை மடங்கு என்று 2006இல் எழுதினார்கள். கடைகளில் களவாகக் கைமாறுகிற போதை மாத்திரையும் சின்ன விஷயம் இல்லை. அவற்றில் ஒன்றான பிரீகபலின், நூற்றுக்கு நாலாக இருந்த பிறவிக்குறையை ஆறாக்குகிறது என்று 2022இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது.

இதை வாசித்துவிட்டு "எங்கட வீட்டில அப்படியொண்டும் இல்லை" என்று நிமிர்ந்து உட்காருகிறவர்களோடுதான் எனக்கு அதிகக் கோபம். கசிப்பும் பியரும் சாராயமும் எந்த வீட்டில் இல்லை? வயிற்றுப்பிள்ளையின் மூளையை ஆயுளுக்கும் ஊனமாக்கும் என்று மிகத் தெளிவாக நிரூபிக்கப்பட்டிருப்பது மதுவைப் பற்றித்தான். 1973இல் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரண்டு வைத்தியர்கள் அந்தப் பாதிப்புக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளைத்தாச்சிக்கு இவ்வளவு குடிக்கலாம் என்று ஓர் அளவு கிடையாது. ஒரு மிடறும் வேண்டாம். அதே அறையில் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீடியும் சிகரெட்டும் புகைக்கிற தகப்பன்மாரே, அந்தப் புகை போகிற இடம் உங்கள் பிள்ளையின் மூச்சு.

வெற்றிலையைப் பற்றிச் சொன்னால் என் மாமியாரே சண்டைக்கு வருவார். சத்திக்குணத்துக்கு நல்லது என்று எனக்கும் தந்தார், நானும் புகையிலையோடு போட்டேன். மூத்தவள் நிறை குறைந்துதான் பிறந்தாள். வேறு காரணமும் இருந்திருக்கலாம், ஆனால் நான் போட்டதை மறைக்கமாட்டேன். 2005இல் பார்சலோனாவில், பாக்குச் சப்பிய ஆசியத் தாய்மாரின் பிள்ளைகள் பிறந்தவுடன் கழித்த முதல் மலத்தைச் சோதித்தார்கள். பாக்கின் சாரம் அதில் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டது வேறு, பிள்ளையின் உடம்பு சொன்னது வேறு.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை எழுத வைத்தது. எங்கள் அயல் பிள்ளைக்கு ஒரு மாதமாவதற்குள் ஒழுங்கையில் பெயர் விழுந்துவிட்டது: "குடுக்காரியின்ர பிள்ளை". தாயிடமிருந்து பிரித்து வேறு எங்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். மூளை கெட்ட பிள்ளை, படிக்காது என்றார்கள். வாயைக் கழுவுங்கள்!

இதே பேச்சை அமெரிக்கா முழுவதும் ஒரு காலம் பேசியது. 1980களில் கொக்கெய்ன் பாவித்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளை ஒரு தலைமுறையே நாசம் என்று பத்திரிகைகள் எழுதின. பிலடெல்பியாவில் ஹலாம் ஹர்ட் என்ற பெண் வைத்தியர், 1989க்கும் 1992க்கும் இடையில் பிறந்த 224 பிள்ளைகளை எடுத்து இருபது வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்தார். பாதிப் பேர் கொக்கெய்ன் பட்டவர்கள், மறுபாதி படாதவர்கள், எல்லாரும் ஏழைகள். நாலு வயதில் அறிவுச் சோதனை செய்தபோது முதலாம் கூட்டத்துக்கு 79, இரண்டாம் கூட்டத்துக்கு 81.9. இரண்டும் சராசரிக்கு மிகக் கீழே. பிள்ளைகளை அமிழ்த்தியதில் அந்தப் போதையைவிட வறுமையின் பங்கு பெரிது என்று அவர் கண்டார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பேச்சுக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள். 2004இல் கடல் கொண்டுபோய், 2006இல் சண்டைக்கு ஓடி, கூடாரத்தில் பிள்ளை பெற்ற நமக்கு இதை விளக்க வேண்டுமா?

போதையால் ஒரு கேடும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அழுகையும் நடுக்கமும் நான் கண்ணால் கண்டவை. ஐஸ் பட்ட பிள்ளைகள் சிலரிடம் பிறகு அதிக பயமும் சட்டென்று பொங்குகிற குணமும் இருப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். ஆனால் பிறந்த நாளோடு பிள்ளையின் தலையெழுத்து முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகு யார் தூக்கினார்கள், யார் முகம் பார்த்துக் கதைத்தார்கள் என்பதில் மிச்சம் கிடக்கிறது.

அமெரிக்க வைத்தியசாலைகளில் குடு போன்ற போதை பட்டுப் பிறந்த பிள்ளைகளைத் தனி அறையில் போட்டு, நடுக்கத்துக்கும் தும்மலுக்கும் புள்ளி போட்டு, மோர்பின் கொடுத்துத்தான் பல வருடங்கள் பார்த்தார்கள். பிறகு வேறு மாதிரிச் செய்து பார்த்தார்கள். பிள்ளை பால் குடிக்கிறதா, நித்திரை கொள்கிறதா, தூக்கினால் ஆறுகிறதா என்று மூன்றை மட்டும் கேட்டார்கள். முதல் மருந்தாகத் தாயின் நெஞ்சையும் இருட்டையும் அமைதியையும் கொடுத்தார்கள். 26 வைத்தியசாலைகளில் 1305 பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. பழைய முறையில் வீட்டுக்குப் போகத் தயாராக ஏறத்தாழ 15 நாள், புதிய முறையில் 8 நாள். மருந்து தேவைப்பட்டவர்களின் தொகை நூற்றுக்கு 52 ஆக இருந்தது, 20க்குள் வந்தது.

எந்தப் பிள்ளை பிறந்தாலும் நம் வீடுகளில் செய்வது இதைத்தானே? அம்மம்மா மடியில் வைத்திருப்பார், சித்தி ஏணை ஆட்டுவார், பெற்றவள் பத்தியக் கறியோடு சாப்பிட்டுப் படுத்திருப்பாள். இந்தப் பிள்ளைக்கும் இந்தத் தாய்க்கும் மட்டும் அதை ஏன் மறுக்கிறீர்கள்? வெட்கத்துக்காக மறுக்கிறீர்கள். நம் கையில் இருக்கிற மருந்தைக் கொடுக்காமல் நூல் கட்டுகிறீர்கள்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அறையை இருட்டாக்குங்கள், டீவியை நிறுத்துங்கள், பார்க்க வருகிற சனத்தை வாசலோடு அனுப்புங்கள். மெல்லிய சீலையில் சுற்றி, ஒருவர் நெஞ்சோடு நெஞ்சாக வைத்திருங்கள். ஏணையை வேகமாக ஆட்டாதீர்கள், பிள்ளையைக் குலுக்கவே கூடாது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தாய் இன்னும் தூளோ ஐஸோ பாவிக்கிறாள் என்றால் தாய்ப்பால் பற்றி வைத்தியரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பிள்ளையின் வாயில் பிரண்டி தொட்டு வைக்கிற பழக்கத்தை விட்டொழியுங்கள். பால் குடிக்கவே இல்லை, உதடு நீலம், கை கால் வெட்டி இழுக்கிறது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

பிள்ளைத்தாச்சியாக இருக்கிற மகள் பாவிக்கிறாள் என்று தெரிந்தால் அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். குடுவைத் திடீரென்று நிறுத்தினால் கரு கலையவும் குறைமாதத்தில் பிறக்கவும் கூடும். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். குடும்பநல மிஸ் வீடு தேடி வருவது நிறை பார்க்க, திரிபோஷா எழுத, பிள்ளையைப் பார்க்க. பிரசவித்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வருவது அவர்களின் முறை. வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். போதையிலிருந்து மீள்வதற்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927.

எங்கள் அயல் பிள்ளை இப்போது தவழ்கிறான். ஐந்தாம் நாள் அவனை மூதூர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம், அங்கே தாய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெற்றவளுக்கு இன்னும் சுகமாகிவிடவில்லை, ஒரு தடவை மறுபடி வழுக்கினாள், மறுபடி சிகிச்சைக்குப் போனாள். இன்று பின்னேரம் வேலை முடிந்ததும், உங்கள் ஒழுங்கையில் இப்படி ஒரு வீடு இருந்தால் அங்கே போங்கள். புத்தி சொல்ல வேண்டாம். பிள்ளையை ஒரு மணித்தியாலம் கையில் வாங்கி வைத்திருங்கள், அவள் குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும்.