எங்கே நின்றது?

கணினி பழுதுபட்டால் நம் விடுதியில் எழும் முதற்சொல் யாது? "ஃபார்மட் அடித்துவிடு!" என்பதுதான். என்ன பழுது என்று கேட்பார் இல்லை. எப்போது தொடங்கிற்று என்று கேட்பாரும் இல்லை. தலைவலி என்று வந்தவனிடம், "தலையையே மாற்றிவிடலாம்" என்று சொல்லும் மருத்துவரை நாம் நம்புவோமா? கணினி வகையில் மட்டும் அந்த மருத்துவரையே தேடிப் போகிறோம். இவ்வழக்கம் தவறு என்று எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிறரைக் குறை கூறுவதற்காக அன்று. இவ்வழக்கத்தால் இழந்தவன் நானே ஆதலால் எழுதுகிறேன்.

தில்லிக்கு வந்த இரண்டாம் ஆண்டில் என் ஆய்வுக்காக ஒரு பணியை மேற்கொண்டேன். கரோல் பாகில் நெடுங்காலமாக வாழும் தமிழ் முதியோரைக் கண்டு, அவர்கள் இந்நகருக்கு வந்து சேர்ந்த கதையைக் கேட்டு ஒலிப்பதிவு செய்வது அப்பணி. ஞாயிறுதோறும் சென்றேன். நான்கு மாதங்களில் 27 பேர் பேசினார்கள். பதிவுக் கருவியில் இடம் போதாமையால், வாரந்தோறும் பதிவுகளை என் அறையிலிருந்த பழைய மேசைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கருவியைத் துடைத்துவிடுவேன். வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. அது என் முதற்பிழை.

அவ்வாண்டுப் பொங்கலுக்கு ஊருக்குச் சென்றேன். போகும்போது மின்னிணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போனேன். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன். கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் இரண்டு மூன்று வரி வந்தன. ஒரு பக்கத்தில் '2009 ஜனவரி 1' என்று தேதி காட்டிற்று. ஏதோ ஒரு விசையை அழுத்தினேன். விண்டோஸ் சின்னம் தலைகாட்டிற்று; மறுகணம் நீலத்திரை; பிறகு முதலிலிருந்து அதே கூத்து.

பக்கத்து அறையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். நல்லவர், இரவு பகல் பாராமல் பிறருக்கு உதவுபவர். "தம்பி, இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஃபார்மட் அடித்தால் இரண்டு மணி நேரத்தில் புத்தம் புதியதாகிவிடும்" என்றார். பென்டிரைவைச் செருகினார். வட்டின் பிரிவுகளை நீக்கினால் உள்ளவை எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று இயந்திரம் எச்சரித்துக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். சம்மதம் என்று அழுத்தியது என் விரல்தான்.

இரண்டு நாள் சென்ற பிறகே பதிவுகளின் நினைவு வந்தது. அழித்த உடனே கணினியை நிறுத்தியிருந்தால், அந்த வகைப் பழைய ஹார்டு டிஸ்க்கில் பலவற்றை மீட்டிருக்கலாம். அழிப்பு என்பது பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் சில காலம் அப்படியே இருக்கும். நானோ புதிய அமைப்பை ஏற்றி, அதன்மேல் திரைப்படங்களையும் இறக்கி, அந்தப் பக்கங்களின் மேலேயே எழுதிவிட்டேன்.

ஒரு மாதம் கழிந்தது. விடுதியில் நெடுநேரம் மின்சாரம் நின்ற ஒரு நாளின் மறுகாலை, அதே வெள்ளை எழுத்துகள் மீண்டும் வந்தன. அதே '2009 ஜனவரி 1'. இம்முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'சீமாஸ் நினைவு கலைந்துவிட்டது. தொடக்க அமைப்புகளை ஏற்றியிருக்கிறேன்' என்பது அதன் பொருள். தாய்ப்பலகையில் காசு அளவில் ஒரு பாட்டரி உண்டு. சி.ஆர்.2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட். மின்னிணைப்பு இல்லாத வேளையில் கடிகாரத்தையும் சில அமைப்புகளையும் காப்பது அதுவே. என் கணினியில் அது தீர்ந்துபோயிருந்தது. ஆதலால் தேதி பின்னுக்குப் போயிற்று. ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் முறையும் பழைய முறைக்கு மாறிற்று. வேறு முறைக்குப் பழகியிருந்த விண்டோஸ் தன் வீட்டுக் கதவைத் தானே காணாமல் திகைத்து நீலத்திரையைக் காட்டியது. மருந்து என்ன? ஒரு பாட்டரி, பயாஸ் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றம். பாட்டரியின் விலை நம் விடுதியின் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இராது.

மீண்டும் கரோல் பாகுக்கு நடந்தேன். 19 பேர் பொறுமையோடு மறுபடி பேசினார்கள். ஐவர் பிள்ளைகளோடு வேறு ஊர்களுக்குப் போய்விட்டிருந்தனர். இருவருக்கு மீண்டும் பேச மனமில்லை. ஒருவர் காலமாகிவிட்டார். அந்த எட்டுக் குரல்களும் இன்று எங்கும் இல்லை.

தோழர்களே, பழுது என்னும் செய்தியைத் திரை எனக்கு முதல்நாளே சொல்லிற்று. நான் படிக்கவில்லை. அஃது ஆங்கிலம் என்பதாலா? ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நமக்கு அந்த இரண்டு வரி கடினமா? இல்லை. கருந்திரையில் வெள்ளை எழுத்தைக் கண்டால் அது நமக்கானதன்று, வல்லுநருக்கானது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இந்த அச்சந்தான் ஃபார்மட்டைவிடக் கொடியது.

உலகறிந்த சான்று ஒன்று சொல்கிறேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று 85 லட்சம் கணினிகளையும் அழித்துப் புதிதாக ஏற்றவா சொன்னார்கள்? இல்லை. பாதுகாப்பு முறையில் தொடங்கி, குறிப்பிட்ட ஒரு கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கச் சொன்னார்கள். பழுது எங்கே என்று தெரிந்ததால் மருந்தும் சிறிதாயிற்று.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கே நின்றது? கணினி எழுவது ஒரே தாவலில் அன்று; படிப்படியாக எழுகிறது. பொத்தானை அழுத்தியும் விளக்கும் இல்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் பழுது மின்சாரத்தில். கம்பியையும் அடாப்டரையும் பாருங்கள். விசிறி சுழன்றும் திரை இருண்டே இருந்தால் ரேமையோ திரையையோ ஐயுற வேண்டும். ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தியதால் எழுந்த கணினிகள் பல. நிறுவனச் சின்னம் வந்த பிறகு, தொடங்குவதற்கு வட்டு இல்லை என்று சொன்னால், மறந்து செருகியிருக்கும் பென்டிரைவை முதலில் எடுங்கள். பிறகு வட்டு பயாஸ் பக்கத்தில் தெரிகிறதா, தொடங்கும் வரிசை சரியா என்று பாருங்கள். விண்டோஸ் சின்னமும் வந்து அதன்பின் நின்றால் மட்டுமே அமைப்பையோ அதன் இயக்கிகளையோ ஐயுறலாம். அங்கும் என் பாட்டரி போன்ற காரணம் ஒளிந்திருக்கக்கூடும். இத்தனை படிகளில் மறுநிறுவல் மருந்தாகக்கூடியது கடைசிப் படியில்தான். அங்கும் அது கடைசி மருந்து.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அது முதல் புதிய அமைப்பை ஏற்றும் ஆவல் நம்மிடையே மிகுந்திருக்கிறது. அங்கும் இதே கதைதான். இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டுவிட்டு, அது தொடங்கவில்லை என்று பென்டிரைவைத் திட்டுகிறோம். தொடங்கத்தக்க வகையில் அதை எழுதுவதற்கென்று தனி மென்பொருள்கள் உண்டு. 'இவ்வட்டு எம்.பி.ஆர். வகை' என்று நிறுவி மறுத்தால் எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிடுகிறோம். பழைய விண்டோஸ் உள்ள வட்டை, கோப்புகளை அழிக்காமலே புதிய வகைக்கு மாற்றும் கருவியை மைக்ரோசாஃப்ட் 2017 முதல் விண்டோஸுடனேயே தருகிறது. நிறுவும்போது வட்டே தென்படவில்லை என்றால் வட்டு செத்தது என்று முடிவு கட்டுகிறோம். அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்பக இயக்கியைத் தனியே கொடுத்தால்தான் வட்டு தெரியும். பிட்லாக்கர் பூட்டிய கணினியில் பயாஸ் அமைப்பைத் தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். ஆகவே தொடுவதற்கு முன்பே அச்சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? நாளை ஆய்வேடு கொடுக்க வேண்டும்" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் அவசரத்தில் இருப்பவனுக்குத் தேவை அவனுடைய ஆய்வேடேயன்றிப் புதிய விண்டோஸ் அன்று. உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்பைப் பென்டிரைவிலிருந்தே, வட்டில் எதையும் நிறுவாமல் தொடங்கலாம். வட்டு நலமாகவும் பூட்டப்படாமலும் இருந்தால், அரை மணியில் கோப்புகளை வெளிவட்டுக்குப் படியெடுத்துவிடலாம். பிறகு எதை வேண்டுமானாலும் அழியுங்கள். வட்டே நோயுற்றிருந்தால் அதன்மேல் புதிய அமைப்பை ஏற்றுவது, மூச்சுத் திணறுபவன் முதுகில் மூட்டையை ஏற்றுவது போலாகும்.

மறுநிறுவலே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் புகுந்து ஊறிப்போன கணினிக்கு அதுவே ஏற்றது. காரணம் தெரிந்து செய்தால் அது மருத்துவம். தெரியாமல் செய்தால் சூதாட்டம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறது, மகிழ்ச்சி. அதனோடு சிறு பெட்டி ஒன்றையும் சங்க அறையில் வைக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்று, விண்டோஸ் நிறுவி உள்ளது ஒன்று, வெளிவட்டு ஒன்று, சிறு திருப்புளி, இரண்டு மூன்று பாட்டரிகள். இவை போதும். கூடவே ஒரு குறிப்பேடு. எந்தக் கணினி, எந்தப் படியில் நின்றது, திரை என்ன சொல்லிற்று, எதனால் சரியாயிற்று என்று நான்கு வரி தமிழில் எழுதி வைப்போம். ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கையர், மொழி புரியாத கடைத்தெருவில் கணினியை நீட்டிக்கொண்டு நிற்பதற்கு முன், அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

என் பங்காக ஒரு பென்டிரைவும் இரண்டு பாட்டரிகளும் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அந்த '2009 ஜனவரி 1' கதையை எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு உதவ வந்த அண்ணனும் அதைப் படித்தார். "தம்பி, நானும் ஒரு வரி படித்திருக்கலாம்" என்றார். இருவரும் படித்திருக்கலாம். இனி வருபவர்களாவது படிக்கட்டும்.