ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்

2023 டிசம்பர் 17, மயிலை மாடவீதிகளில் மார்கழிப் பஜனை தொடங்கிய நாள். அன்றிரவு திருச்செந்தூரினின்று சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், பெருமழையால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. வண்டியை நிறுத்தியது உயிர் காத்த செயல்; அதனை நாம் போற்றுகிறோம். ஆனால், அங்கே தவித்த சுமார் 800 பிரயாணிகளுக்குச் சோறு சமைத்துப் பசியாற்றியவர்கள் அண்டையிலிருந்த மேலப் புதுக்குடிக் கிராமத்தார். தாமே வெள்ளத்தால் சூழப்பட்டிருந்த ஜனங்களின் அத்தர்மம் தேசத்துக்குப் பெருமை. அதனையே நிர்வாகம் தன் ஏற்பாடாகக் கொள்ளலாகுமா? மழைக்காலத்தில் வெள்ளம் சூழக்கூடிய ஸ்டேஷன்தோறும் அரிசியும் குடிநீரும் மருந்தும் சேமித்து வைத்தல் வேண்டும். மயிலையிலும் தியாகராய நகரிலும் வாழும் நாம் இதனை வற்புறுத்தக் கடமைப்பட்டவர்கள். அவ்வண்டி நம் நகரை நோக்கியே புறப்பட்டது.