சினை ஊசி வண்டிக்கு ஃபாக் லைட் எதற்கு?

"இதுல கேரியர் வராது சார். இது அட்வென்ச்சர் பைக்."

ஷோரூமில் இதைச் சொன்ன தம்பி மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேல் எண்ணி வைத்துவிட்டு, பின்னால் ஒரு இரும்புக் கேரியர் கேட்டவனிடம் சொல்கிற பதிலா இது? அன்றைக்குத் தொடங்கிய ஆற்றாமை இன்னும் எனக்குத் தீரவில்லை.

என் வேலை மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. திண்டிவனத்தைச் சுற்றி மயிலம், ஒலக்கூர், வல்லம் பக்கத்துக் கிராமங்கள்தான் என் எல்லை. வண்டியில் எப்போதும் ஒரு நைட்ரஜன் கேன் இருக்கும். உள்ளே மைனஸ் 196 டிகிரி குளிரில் உறைவிந்துக் குச்சிகள். கேன் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்து உருண்டால் நைட்ரஜன் வீணாகும், குச்சியும் கெடும். காலையில் பருவத்துக்கு வந்து கத்துகிற மாட்டுக்கு அன்று சாயங்காலம் ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். மாடு வைத்திருக்கிறவருக்கு அந்த 21 நாளும் தீனிச் செலவுதான், வரவு இல்லை. ஏரிக்கரையிலும் வரப்போர மண் பாதையிலும் என் வண்டி குலுங்காமல், நிற்காமல் போக வேண்டும் என்பது இதனால்தான்.

பழைய 100 சிசி வண்டியை நானாக விட்டுவிடவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே மறித்து ஓடியது. என் வண்டி இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ஓய்ந்துவிட்டது. மாடுகள் கழுத்தளவு தண்ணீரில் நின்ற தெருக்களுக்கு நான் நடந்து போனேன். அப்போதுதான் உயரமான, மேடுபள்ளம் தாங்குகிற வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். கடற்கரை ரிசார்ட்டில் மணலில் சுற்றுகிற நாலு சக்கர ஏ.டி.வி. நமக்கு ஆகாது, அதை ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்காது. அதனால் தரையிலிருந்து இன்ஜின் அடிப்பாகம் ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட உயரமாக நிற்கிற, முன்னால் 21 அங்குலக் கம்பிச் சக்கரம் உள்ள பைக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் கேட்டவை மூன்றே மூன்று: கேன் வைக்கக் கேரியர், இன்ஜின் அடியில் கல் படாமல் இருக்க ஒரு தகடு, சாரி கார்டு.

டெலிவரி நாளில் போய்ப் பார்த்தால் இரண்டு ஃபாக் லைட், கைக்கு முன்னால் பிளாஸ்டிக் கார்டு, மொபைல் ஹோல்டர், டேங்க் முழுக்க ஸ்டிக்கர். எல்லாம் மாட்டி முடித்து, பில்லிலும் ஏற்றியிருந்தார்கள். "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் இல்லாம இந்த மாடலை வெளிய விடறதில்ல சார்" என்றார்கள். பூஜை போட்டு, மாலை மாட்டி, வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் போட்டோவுக்கு நிற்கிற நேரத்தில் எவனால் சண்டை போட முடியும்? அந்த நேரத்துக்காகவே காத்திருந்து பில்லை நீட்டுகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் கேட்ட சாரி கார்டும் இல்லை. "இந்த வண்டிக்குப் பார்க்க நல்லா இருக்காது சார், கழட்டி வெச்சிட்டோம்" என்றார்கள். பின்னால் உட்கார்கிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. அது அழகுச் சாமான் இல்லை. முந்தானை சக்கரத்தில் சுற்றி ரோட்டில் விழுந்தவர்களைப் பார்க்காத ஊர் நம் பக்கத்தில் உண்டா? விதி கேட்கிற பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, நான் கேட்காத விளக்குக்குக் காசு வாங்குகிறார்கள். சாரி கார்டைக் கேட்டு வாங்கி மாட்ட எனக்கு மூன்று நடை ஆனது.

ஹெல்மெட்டும் அப்படித்தான். வண்டி விற்கும்போது ஐ.எஸ்.ஐ. தர ஹெல்மெட் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை நான் நினைவுபடுத்தித்தான் வாங்க வேண்டியிருந்தது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் விருப்பம். இங்கே எடுத்தால்தான் வண்டி என்றார்கள். இது தெரியாத எத்தனை பேர் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்!

அடுத்தது முதல் சர்வீஸ். புது இன்ஜினுக்குள் உலோகங்கள் உரசிப் பதமாகிற காலம் அது. நுண்ணிய துகள் எண்ணெயில் இறங்கும், அதனால்தான் முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. புதுச் செயின் தளரும். கம்பிச் சக்கரத்தின் ஸ்போக்குகளும் மேடுபள்ளத்தில் ஓடி இளகும், அவற்றைச் சீராக முறுக்க வேண்டும். முதல் சர்வீஸில் கவனிக்க வேண்டியவை இவைதான்.

திண்டிவனத்திலிருந்து 40 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், காலை 9 மணிக்கு வண்டியை விட்டேன். ஒரு மணிக்குத் தருகிறோம் என்றவர்கள் மறுநாள் சாயங்காலம் தந்தார்கள். தீவனூர் பக்கம் ஒரு அம்மா, இரண்டே மாடு வைத்துப் பிழைக்கிறவர், அன்று ஆறு முறை போன் செய்தார். "எப்ப சார் வருவீங்க, காலையிலேர்ந்து கத்துது" என்று கேட்டவருக்கு நான் என்ன பதில் சொல்ல? அந்தப் பருவம் போயிற்று. 21 நாள்.

பில்லில் வாட்டர் வாஷ், பாலிஷ், கோட்டிங் எல்லாம் இருந்தன. கோட்டிங் யார் கேட்டது? ஸ்போக் பார்த்தாயிற்று என்று தாளில் டிக் அடித்திருந்தது. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் முன்சக்கரம் ஆட்டம் கண்டது. மயிலம் ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, ஒரு ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக் காட்டினார். இறுகியது கணீரென்றது, தளர்ந்தது மொத்தென்றது. ஏழு ஸ்போக் தளர்ந்திருந்தன. "சத்தத்தைக் கேட்டாலே தெரியுமேண்ணா, இதைத் தட்டிக்கூடப் பார்க்கலியே" என்றார். சேறு தெளித்த செயினைத் துடைத்து எண்ணெய் விட்டதும் அவர்தான். மரக்காணம் உப்பளப் பக்கம் போய்வந்தால் அன்றே செயினைத் துடைத்துவிடுங்கள், உப்புக்காற்று துருப்பிடிக்க வைத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். சர்வீஸ் சென்டரில் இதை ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் ஃபாக் லைட் எரியவில்லை. விற்றபோது "கம்பெனி ஃபிட்டிங் மாதிரிதான்" என்றார்கள். சர்வீஸுக்குப் போனால், "வெளி ஃபிட்டிங், வயரை வெட்டிப் போட்டிருக்கு, வயரிங்குக்கு வாரன்டி வராது" என்றார்கள். வெட்டியவர்களும் அவர்கள், வாரன்டி இல்லை என்பவர்களும் அவர்கள். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு நாக்கு. இது நியாயமா?

வீடூர் அணைப் பக்கம் முன்சக்கரம் பஞ்சரான அன்று இன்னொன்று தெரிந்துகொண்டேன். கடையில் 17, 18 அங்குல டியூப் அடுக்கி வைத்திருந்தார்கள், 21 இல்லை. ஷோரூமைக் கேட்டால் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். கிராமத்துப் பாதைக்கென்று விற்கிற வண்டிக்கு ஒரு டியூப் மாவட்டத் தலைநகரில் இருப்பில் வைக்க முடியாதா?

ஓட்டுவதும் லேசாக இல்லை. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று முழங்காலைத் தளர்த்தி ஓட்டப் பழகியபின், ஏரிக்கரைக் குழிகளில் கேன் அசையாமல் போகிறது. தார் ரோட்டில்தான் எனக்குப் பயம். திருவக்கரை பக்கத்துக் குவாரிகளிலிருந்து தார்ப்பாய் மூடாமல் வருகிற டிப்பர்கள் வளைவுகளில் ஜல்லியைச் சிந்திவிட்டுப் போகின்றன. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் மல்லாட்டையும் உளுந்தும் காய்கின்றன. அந்த விவசாயியை நான் திட்ட மாட்டேன், ஊருக்கொரு நெற்களம் சரியாக இருந்தால் அவர் ஏன் ரோட்டுக்கு வருகிறார்? வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், தெரிகிற மாதிரி வண்ணம் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. நம் ஊர்களில் இருப்பதோ ஒரு முழ அகலத்தில், வண்ணமே இல்லாமல், இரவில் கண்ணுக்கே தெரியாத மண்மேடு. 2023 நவம்பர் முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு 12 சதவீதம் வாழ்நாள் வரி. அதைக் கட்டிவிட்டுத்தான் இந்த ரோட்டில் விழுகிறோம்.

எதிரே வருகிற வண்டிகளின் வெள்ளை விளக்கு வேறு. எவருக்கோ ஷோரூமில் கட்டாயமாக மாட்டிவிட்ட ஃபாக் லைட்டுகள் என் கண்ணைக் கூசவைத்து, நான் வரப்பில் இறங்கி நின்ற இரவுகள் உண்டு. என் வண்டியில் இருந்த இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். கேரியரை மயிலம் ரோட்டு வெல்டிங் பட்டறையில் கேன் அளவுக்கு வளையம் வைத்து அடித்துக்கொண்டேன். ஒரே நாளில் முடிந்தது, உறுதியாகவும் இருக்கிறது.

கரடுமுரடான பாதைக்கு வண்டி செய்கிறவர்களும் விற்கிறவர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் அந்தப் பாதையில் தினமும் போகிறவர் பால்காரர், லைன்மேன், தபால்காரர், சினை ஊசி போடுகிறவர். எங்களுக்கு அது சாகசம் இல்லை, பிழைப்பு. நாங்கள் கேட்டதை மாட்டுங்கள், கேட்காததை மாட்டாதீர்கள். செய்த வேலையைப் பில்லில் எழுதுங்கள், செய்யாததற்கு டிக் போடாதீர்கள். ஒரு மணி என்றால் ஒரு மணிக்குத் தாருங்கள்.

புது வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெலிவரிக்கு முந்தின நாளே தனியாகப் போய் வண்டியையும் பில்லையும் பாருங்கள். சாரி கார்டும் ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் முடிந்ததும் அங்கேயே ஸ்போக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தீவனூர் அம்மாவின் மாடு அடுத்த பருவத்துக்கு வந்தபோது சாயங்காலம் நாலரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். வண்டி வாங்கியது அதற்காகத்தான்.