இளவரசன் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்!

பையன்களுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு.

போரில் அண்ணனைப் பறிகொடுத்த ஓர் இளவரசன். வயது 15. உடம்பெல்லாம் காயம். சொந்த நாட்டில் இருந்தால் தலை தப்பாது. காட்டு வழியே ஓடுகிறான். அந்நிய தேசத்தில் வாள் பிடித்துப் பொருள் சேர்க்கிறான். பிறகு பொன்னும் மணியுமாகத் திரும்பி வந்து சிம்மாசனம் ஏறுகிறான்!

இது கட்டுக்கதை அல்ல. நார்வே நாட்டில் உண்மையில் நடந்தது. அந்த இளவரசனின் பெயர் ஹரால்டு. "ஹார்ட்ராடா" என்பது பின்னால் வந்த பட்டப்பெயர். "கடுமையாக ஆளுகிறவன்" என்று அதற்குப் பொருள்.

இவனை வைத்து மேல்நாட்டில் பல சரித்திர நாவல்கள் வந்திருக்கின்றன. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. தட்டில் சோறு ஆறிப்போகும். நானும் ஆவலாகப் படித்தவன்தான். ஆனாலும் இந்த வகைக் கதைகள் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சம்பளத்துக்குப் போன வீரன்

1030-ம் ஆண்டு ஸ்டிக்கிள்ஸ்டாட் என்ற இடத்தில் போர் நடந்தது. ஹரால்டின் அண்ணன் ஓலாவ், இழந்த அரியணையை மீட்க வந்தான். அவனை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டு விவசாயிகள். ஓலாவ் கொல்லப்பட்டான். காயம்பட்ட ஹரால்டு, ஒரு குடியானவன் வீட்டில் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தான் என்று பழங்கதை சொல்கிறது.

அங்கிருந்து கீவ் நகரம். அதை ஆண்ட யாரொஸ்லாவிடம் சேவகம். பிறகு கான்ஸ்டாண்டிநோபிள். இன்று நாம் இஸ்தான்புல் என்கிறோமே, அதே ஊர்தான். அங்கே சக்கரவர்த்தியின் படையில் வடநாட்டு வீரர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. கையில் கோடரி, கைநிறையச் சம்பளம்!

நாவல்களில் ஹரால்டு அங்கே போன மறுநாளே பெரிய தளபதி. அவன் சொன்னால் அரண்மனையே ஆடும். ஆனால் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த கெக்காமெனோஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்திருப்பது வேறு. 500 வீரர்களோடு வந்தான். சிசிலியில் நன்றாகப் போரிட்டான். ஒரு சிறு பட்டம் கிடைத்தது. பல்கேரியப் போருக்குப் பின் அதைவிடச் சற்றுப் பெரிய பட்டம் கிடைத்தது. ஊருக்குப் போக அனுமதி கேட்டான். கிடைக்கவில்லை. இரகசியமாகத் தப்பிப் போய்விட்டான். அவ்வளவுதான்.

எனக்கு இந்த ஹரால்டைத்தான் பிடிக்கிறது. மேலதிகாரி கொடுத்த சின்னப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, ஊர் நினைப்போடு காத்திருக்கும் இளைஞன். நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறான். நாவல் எழுதுகிறவர்களுக்கு இவன் போதவில்லை!

குருவி வைத்த நெருப்பு

சிசிலியில் ஒரு கோட்டையை ஹரால்டு எப்படிப் பிடித்தான் தெரியுமா? ஊருக்குள் கூடு கட்டியிருந்த சிறு பறவைகளைப் பிடித்தானாம். முதுகில் நெருப்புச் செத்தையைக் கட்டிப் பறக்க விட்டானாம். அவை கூட்டுக்குப் போயின. கூரைகள் பற்றி எரிந்தன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவனுக்குப் பல ஆண்டுகள் முன்பே வாழ்ந்த கீவ் நாட்டு அரசி ஓல்காவுக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள். புறாவும் குருவியும்தான் அங்கேயும்! கீவில் கேட்ட கதை இவனோடு ஒட்டிக்கொண்டது போலும். ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி இவன் வரலாற்றை விரிவாக எழுதியது சுமார் 1230-ல். இவன் இறந்து 160 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. அதற்குள் கதை வளராமல் இருக்குமா?

கதை வளர்வதில் எனக்கு வருத்தமில்லை. கதையில் யாரை விட்டுவிடுகிறார்கள் என்பதில்தான் வருத்தம்.

ஸ்வீடன் நாட்டில் பழைய நடுகற்கள் நிற்கின்றன. கிரேக்க நாட்டுக்குப் போனவர்களைப் பற்றிச் சுமார் 30 கற்கள் சொல்கின்றன. அங்கேயே செத்தவர்களுக்காக ஊரில் இருந்தவர்கள் எழுப்பிய கற்களே அவற்றில் மிகுதி. போனவர்களில் பொன்னோடு திரும்பியவன் ஒரு ஹரால்டு. கல்லாகத் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

முடி சூடிய பிறகு?

ஹரால்டு யாரொஸ்லாவின் மகள் எலிசவெட்டாவை மணந்தான். 1046-ல், அண்ணன் மகன் மாக்னஸோடு சேர்ந்து பாதி அரசன் ஆனான். அடுத்த ஆண்டு மாக்னஸ் இறந்தான். முழு நாடும் கைக்கு வந்தது.

பல கதைகள் இங்கே மங்களம் பாடிவிடும். உண்மைக் கதை இங்கேதான் ஆரம்பம். டென்மார்க்கையும் பிடிக்க ஆசை. 1064 வரை ஓயாத சண்டை. எத்தனையோ ஊர்கள் எரிந்தன. டென்மார்க் கிடைக்கவில்லை. சொந்த நாட்டில் வரி தர மறுத்த உள்நாட்டுக் குடியானவர்களின் வீடுகளையும் கொளுத்தினான். சிறு வயதில் தன்னை ஒளித்து வைத்த குடியானவனை அப்போது நினைத்தானா? எந்த நாவலாசிரியராவது அந்த ஓர் இரவை எழுதினால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். படித்து முடித்ததும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

24 கப்பல்கள்

அப்புறம் 1066. இங்கிலாந்து மன்னர் எட்வர்டு பிள்ளை இல்லாமல் இறந்தார். ஹரால்டு சுமார் 300 கப்பல்களோடு கிளம்பினான். செப்டம்பர் 20-ல் முதல் போரில் வெற்றி. ஐந்தே நாளில், ஸ்டாம்போர்டு பாலத்தருகே, இங்கிலாந்தின் புதிய அரசன் படையோடு வந்து நின்றான். அவன் பெயரும் ஹரால்டுதான்! நார்வே வீரர்கள் வெயிலுக்குப் பயந்து இரும்புக் கவசங்களைக் கப்பலிலேயே விட்டு வந்திருந்தார்களாம். ஹார்ட்ராடாவின் தொண்டையில் அம்பு பாய்ந்தது. அவனுக்கு அப்போது சுமார் 50 வயது. மிஞ்சியவர்களை ஏற்றிச் செல்ல 24 கப்பல்களே போதுமாக இருந்தன.

அந்தக் கப்பல்களில் அவன் மகன் ஓலாவ் இருந்தான். பெரியப்பன் பெயரையே வைத்திருந்தார்கள். இனிப் படையெடுக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவன் 1093 வரை நார்வேயை ஆண்டான். "அமைதியான ஓலாவ்" என்று மக்கள் அழைத்தார்கள். பெர்கன் என்ற துறைமுக நகரை உண்டாக்கியவன் அவன்தான் என்பார்கள்.

அவனைக் கதாநாயகனாக வைத்து எழுதிய நாவல் ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் படவில்லை.